தன் கையை முதலில் பார்த்தவர்

சித்திரபுரத்தில் நான் தேயிலை எஸ்டேட் மருத்துவச்சியாக இருந்த ஆறு வருஷங்களில், ஒரே ஆள்மீது எரிச்சலும் மரியாதையும் சேர்ந்தே வந்தது இவர் ஒருவரிடத்தில்தான். கார், லாரிகளின் இன்ஜினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பழுது பார்ப்பவர். கடைத்தெரு முடிந்து சாலை பள்ளிவாசல் பவர் ஹவுஸ் பக்கமாக இறங்கும் வளைவில் அவருடைய தகரக் கொட்டகை இருந்தது. எல்லோருக்கும் அவர் மோட்டார்க்காரர். சித்தூர் தாலுக்காவில் எருத்தேன்பதிக்காரர். பவர் ஹவுஸ் வேலைக்குக் கம்பி சுற்ற வந்து, அது முடிந்த பிறகு ஊர் திரும்பாமல் மலையிலேயே தங்கிவிட்டவர்.

எங்கள் டிஸ்பென்சரிக்கு ஒரு கார் இருந்தது. யுத்தத்துக்கு முந்திய சீமைக் கார். பழைய துரை ஊருக்குப் போகும்போது விட்டுச் சென்றது. அதை ஓட்டியவர் சுடலைமுத்து. சங்கரன்கோயில் பக்கத்திலிருந்து அவருடைய அப்பா காலத்திலேயே எஸ்டேட்டுக்கு வந்த குடும்பம். அந்தக் கார் ஓடும்போது ராஜா மாதிரி ஓடும். நின்றுவிட்டால் அதைக் கிளப்புவதற்குள் சுடலைமுத்துவின் வாயில் வராத வார்த்தை இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் ஒரு காலை, கார் அந்தக் கொட்டகைக்கு எதிரிலேயே நின்றுவிட்டது. சுடலைமுத்து ஸ்டார்ட்டர் பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். கொட்டகையிலிருந்து ஒல்லியாக, குள்ளமாக ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். பாட்டரி ஆசிட் பட்டு முழங்கை ஓட்டையாகிப்போன ஸ்வெட்டர். சட்டைப் பையில் மோட்டாருக்குள் வைக்கும் கரித்துண்டுகளைப் போட்டு வைத்திருந்ததால் நெஞ்சுப் பக்கம் ஒரு கறுப்புச் சதுரம். வந்தவர் முன்பக்கம் போகாமல் பின்சீட்டு ஜன்னலுக்கு வந்தார்.

"ஏனுங்க நர்ஸம்மா, பட்டன அமுக்குனப்ப உங்களுக்கு என்ன சத்தம் கேட்டுச்சுங்க?"

டிரைவரைக் கேளுங்கள் என்றேன். அவருக்கு வண்டி கிளம்ப வேண்டும் என்ற அவசரம், நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்தவர், உங்கள் காதுதான் இப்போது நல்ல காது என்றார். யோசித்துப் பார்த்து, யாரோ விரல் மடக்கிக் கதவை ஒரே ஒரு தடவை தட்டினதுபோல் கேட்டது, அப்புறம் ஒன்றுமில்லை என்றேன். அவர் தலையை ஆட்டினார். முன்விளக்கைப் போடச் சொல்லிவிட்டு மறுபடி பட்டனை அமுக்கச் சொன்னார். விளக்கு சட்டென்று மங்கியது. அப்படியானால் கரண்டு மோட்டார் வரைக்கும் போகிறது, மோட்டாரால்தான் திரும்ப முடியவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பிறகுதான் பானெட்டைத் திறந்தார். திறந்ததும் இன்ஜினைப் பார்க்காமல், மூடியின் உட்பக்கத்தை அண்ணாந்து படித்தார். அங்கே வெள்ளைப் பெயின்டில் எறும்பு ஊர்ந்ததுபோல் நான்கைந்து வரிகள். தான் எப்போது எதைத் தொட்டேன் என்று ஒவ்வொரு வண்டியிலும் அவர் எழுதி வைப்பது வழக்கம் என்று பின்னால் தெரிந்தது. டிரைவர்கள் அதை வண்டியின் ஜாதகம் என்பார்கள்.

படித்துவிட்டு அவர் சுடலைமுத்துவைப் பார்த்து, "ஆடி மாசம் நாந்தானுங்க இதக் கழட்டி மாட்டியிருக்கறேன். மோட்டாரு முனையில இருக்கற சின்னப் பல்லுச் சக்கரத்துக்கு எண்ணெ போட்டிருக்கறேன். போட்டிருக்கக் கூடாதுங்க. எண்ணெயில தூசி ஒட்டி, சக்கரம் இன்ஜின் பல்லுல போய்ச் சிக்கிக்கிச்சு. என்ற தப்புங்க" என்றார்.

மோட்டாரின் வால் பக்கம் நீட்டிக்கொண்டிருந்த சதுர முனையில் ஸ்பானரை வைத்து ஒரு திருகு திருகினார். சிக்கின பல் விடுபட்டது. வண்டி கிளம்பிவிட்டது. அத்தோடு விடவில்லை. மறுநாள் மோட்டாரைக் கழற்றி, அந்தச் சக்கரத்தை மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, எண்ணெய் படாமல் மாட்டிக் கொடுத்தார். பானெட்டுக்குள் இன்னொரு வரி ஏறியது.

எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. தான் செய்ததுதான் தப்பு என்று கேட்காமலே சொல்லும் பழுதுக்காரரை நான் அதுவரை பார்த்ததில்லை. நல்ல பேர் வாங்குவதற்கு இப்படி ஒரு வழி வைத்திருக்கிறார் என்றுகூட நினைத்தேன்.

அவருடைய வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில், தான் கடைசியாகத் தொட்டது என்ன. அதில் பழுதில்லை என்றால் பாட்டரியின் முனைகள். அப்புறம் தடிமனான வயர். அப்புறம் ஸ்விட்ச். மோட்டாரைக் கழற்றுவது எல்லாவற்றுக்கும் கடைசி. மோட்டார்க்காரர் மோட்டாரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்ப்பார் என்று லாரிக்காரர்கள் கேலி செய்வார்கள். கழற்றினார் என்றால் சாக்கை விரித்து, ஒவ்வொரு துண்டாகப் பரப்பி வைப்பார். நடுவில் இருக்கும் செம்பு வளையத்தைப் பெட்ரோல் நனைத்த துணியால் துடைப்பார். கரித்துண்டுகள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று நகத்தால் அளந்து பார்ப்பார். மூணாறு பஸ்ஸுக்காக நான் அந்தக் கொட்டகை பெஞ்சில் எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறேன். அவருடைய கை போகும் வேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் பஸ் வந்துவிட்டதே என்று இருக்கும்.

கொட்டகைக்குப் பின்னால்தான் வீடு. அவர் மனைவிக்குப் பேச்சுத் துணை வேண்டும். பெஞ்சில் என்னைப் பார்த்தால் சீரகத் தண்ணீரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். ஒரு நாள் அவர் சொன்ன குறையை நான் இன்றைக்கும் நினைத்துச் சிரிப்பேன்.

"இவருகூட ஒரு சண்டை போட முடியாதுங்க நர்ஸம்மா. கொழம்புல உப்பு ரெண்டு தரம் போட்டது நானு. சொல்லுவாருன்னு பாத்துக்கிட்டே நிக்கறேன். மனுசன் ஒரு வாய் தின்னுபோட்டு, நேத்து எனக்குச் சளி, நாக்கு சரியில்ல போலிருக்குதுன்னு பக்கத்து ஊட்டுக் கொழம்ப வாங்கித் தின்னு பாக்கறாரு. அப்புறம் வந்து, நாக்கு நல்லாத்தான் இருக்குது, உப்புத்தான் சாஸ்திங்கறாரு. அதுக்குள்ள எனக்குக் கோவமே போயிருச்சுங்க."

மோட்டார்க்காரர் காதில் இது விழுந்தது. தலை நிமிராமல் கரித்துண்டை அளந்துகொண்டிருந்தார்.

இவர் வெறும் பணிவுக்காரர் இல்லை என்பது எனக்கு ஒரு லாரிக்காரரால் தெரிந்தது. அடிவாரத்திலிருந்து காய்கறி ஏற்றிவரும் அந்த ஆள் ஒரு நாள் கொட்டகை முன்னால் நின்று சத்தம் போட்டார். போன வாரம் இவர் கை வைத்ததிலிருந்து ஸ்டார்ட்டர் வேலை செய்யவில்லையாம். ஊர் கூடிவிட்டது. மோட்டார்க்காரர் கையில் இருந்த வேறு வேலைகளை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு ஒன்றரை நாள் அந்த லாரியின் அடியிலேயே கிடந்தார். தான் முறுக்கின ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றி மாட்டினார். இரண்டாம் நாள் மத்தியானம் எழுந்து வந்து, லாரிக்காரர் முன்னால் ஒரு தகரத் துண்டை நீட்டினார். லாரிக்காரரின் புகையிலை டப்பாவிலிருந்து வெட்டினது. ஸ்விட்சுக்குள் அடைகொடுத்துச் செருகியிருந்ததாம்.

"நான் கை வெச்ச எடமெல்லாம் பாத்துப்போட்டேனுங்க. என்மேல தப்பில்லீங்க. இது உங்க வேலைங்க."

லாரிக்காரர் குதித்தார். இவர் குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. அதே வாக்கியத்தை இன்னொரு தரம் சொன்னார். தன் தப்பைச் சொன்னபோது எந்தக் குரலோ, அதே குரல். பிறகு நான் கேட்டேன், உங்கள் தப்பில்லை என்று உங்களுக்கு முதலிலேயே தெரியாதா, ஒன்றரை நாளை எதற்கு வீணாக்கினீர்கள் என்று. இருக்காது என்றுதான் நினைத்தேன், பார்க்காமல் எப்படிச் சொல்வது என்றார். அந்த நாளிலிருந்துதான் அவரிடம் எனக்கு ஒரு பயம் கலந்த மரியாதை வந்தது. எரிச்சலும் அதோடு வந்தது. அவர் பக்கத்தில் இருந்தால் நானும் எதையும் பார்க்காமல் சொல்ல முடியாது.

ஆனால் சொன்னேன். அதைத்தான் இங்கே எழுத வேண்டும்.

ஒரு ஆனி மாதம். மழை பிடித்து நான்காம் நாள். எஸ்டேட்டின் மேல் டிவிஷனில் பேச்சியம்மாள் என்று ஒரு கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு முதல் பிரசவம். வலி எடுத்து ஒரு பகல் முழுக்க ஆகியும் பிள்ளை இறங்கவில்லை. மறுநாள் காலை, இனி தாமதிக்கக் கூடாது, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிடுவோம் என்று காரை வரச் சொன்னேன். பேச்சியம்மாளையும் அவள் அம்மாவையும் பின்சீட்டில் வைத்துக்கொண்டு கிளம்பினோம்.

இரண்டு மைல் போயிருப்போம். ஏற்றத்தில் ஒரு மரக்கிளை ஒடிந்து சாலையில் கிடந்தது. சுடலைமுத்து இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி, கிளையை இழுத்துப் போட்டுவிட்டு, நனைந்துபோய் வந்து உட்கார்ந்தார். பட்டனை அமுக்கினார். மோட்டார் முனகிக்கொண்டு அரைச் சுற்று சுற்றியது. மறுபடி அமுக்கினார். அப்போதுதான் எரிகிற வாசனை வந்தது. முன்பலகையிலிருந்து புகை. சுடலைமுத்து "ஆத்தா" என்று கையை உதறினார். சோக் சுட்டுவிட்டது, சோக் சுட்டுவிட்டது என்றார். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்ப முன்பலகையில் பிடித்து இழுக்கும் குமிழ் அது, அதன் கம்பி இன்ஜின் வரைக்கும் போகும்.

நான் அதைக் காதில் வாங்கவில்லை. என் கையைப் பேச்சியம்மாள் பிடித்திருந்த பிடி அப்படி. சுடலைமுத்து முன்னால் போய்க் கைப்பிடியைச் செருகிச் சுற்றிப் பார்த்தார். சோக் கம்பி உருகி ஒட்டிக்கொண்டதால் இன்ஜின் பெட்ரோலை மட்டும் குடித்து, இருமி நின்றுபோனது. ஏற்றத்தில், மழையில், வண்டி செத்துக் கிடந்தது.

அரை பர்லாங் தூரத்தில் ஒரு பிள்ளைப்புரை இருந்தது. கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் பச்சைக் குழந்தைகளை விட்டுப்போகும் கொட்டகை. பேச்சியம்மாளைப் போர்வையில் வைத்துத் தூக்கிக்கொண்டு அங்கே போனோம். தூளிகளில் எட்டுக் குழந்தைகள் அழுதுகொண்டிருக்க, ஆயாவின் பாயில் ஒன்பதாவது பிறந்தது. பையன். நீலம் பாரித்து, சத்தமில்லாமல். நான் ஊதி, தட்டி, திரும்ப ஊதி, ஒரு வழியாக அழ வைத்தேன். பேச்சியம்மாளுக்கு ரத்தம் நிற்கவில்லை. அடிவயிற்றை விடாமல் அமுக்கிப் பிடித்து அதை நிறுத்தினேன். மத்தியானம் ஒரு லாரி கிடைத்து அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அவள் பிழைத்தாள். எழுந்து நடக்க இரண்டு வாரம் ஆனது.

அன்று மாலை டிஸ்பென்சரியில் சுடலைமுத்துவின் கைக்கு மருந்து போட்டது நான்தான். கட்டைவிரல் நுனியிலும் ஆள்காட்டி விரல் நுனியிலும் கொப்புளம். போட்டுவிட்டு, அதே மேஜையில் உட்கார்ந்து, எஸ்டேட் ஆபீசுக்கு ரிப்போர்ட் எழுதினேன். சுடலைமுத்து பீடி குடிப்பவர். காரில் குடிக்காதே என்று நானே இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். என் உடம்பில் அப்போது இருந்தது கோபம் ஒன்றுதான். பீடி நெருப்பு விழுந்து வயர் எரிந்ததாகத் தெரிகிறது, டிரைவரின் கவனக்குறைவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாம் நாள் ஆபீசில் விசாரணை. விசாரித்தவர் பெரிய ரைட்டர், ஆபீசின் தலைமைக் குமாஸ்தா. துரைக்கு அடுத்தபடி எஸ்டேட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். வேலை போனால் சுடலைமுத்துவுக்கு எஸ்டேட் லயத்தில் கொடுத்த வரிசை வீடும் போகும். மூன்று பிள்ளைகள், வயதான அப்பா. சுடலைமுத்து மேஜைக்கு முன்னால் நின்று, சோக் சுட்டது, விரல் பொத்துப்போனது என்றே திரும்பத் திரும்பச் சொன்னார். இரும்புக் கம்பி எப்படித் தானாகச் சுடும் என்று பெரிய ரைட்டர் கேட்டார். சுடலைமுத்து கட்டுப்போட்ட விரல்களைத் தூக்கிக் காட்டினார். என் காகிதம் மேஜையில் கிடந்தது.

பீடியால்தான் எரிந்தது என்று பார்த்துச் சொல்வதற்காக மோட்டார்க்காரரை வரவழைத்திருந்தார்கள். கார் ஆபீஸ் முற்றத்தில் நின்றது. அவர் காருக்குப் போகவில்லை. நேராகச் சுடலைமுத்துவிடம் வந்தார்.

"எந்த வெரலுங்க?"

சுடலைமுத்து கட்டு அவிழ்த்துக் காட்டினார். மோட்டார்க்காரர் அந்த இரண்டு நுனிகளையும் பார்த்தார். தன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, காற்றில் ஒரு குமிழைப் பிடித்து இழுப்பதுபோல் இழுத்துப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. பீடி சுட்டால் விரல் இடுக்கில் சுடும். மருந்து போட்டவள் நான். பார்த்துக்கொண்டேதான் போட்டேன்.

அப்புறம் காருக்குப் போய்ப் பானெட்டைத் திறந்து அண்ணாந்து படித்தார். கடைசி வரியிலேயே நின்றுவிட்டார். வைகாசியில் அவர் கிளட்சுத் தட்டு மாற்றுவதற்காக இன்ஜினைத் தூக்கி இறக்கியிருந்தார். அடியில் வண்டியின் இரும்புச் சட்டம் துருப்பிடித்திருக்கிறதே என்று யாரும் கேட்காமல் கறுப்புப் பெயின்டும் அடித்துக் கொடுத்திருந்தார். அது அந்த வரியில் இருந்தது. சாக்கைக்கூட விரிக்காமல் ஈரத் தரையில் படுத்து வண்டிக்கு அடியில் போனார். வெகு நேரம் வரவில்லை. வந்தபோது கையில் பின்னல் ஜடை மாதிரி ஒரு செம்புப் பட்டை இருந்தது.

அதை அவர் பெரிய ரைட்டரின் மேஜைமேல் வைத்தார்.

"அய்யா, டிரைவர்மேல தப்பில்லீங்க. என்ற தப்புங்க."

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். பாட்டரியிலிருந்து கரண்டு மோட்டாருக்குத் தடிமனான வயரில் போகிறது. திரும்பி வருவதற்கு வயர் கிடையாது, வண்டியின் இரும்பு உடம்பு வழியாகத்தான் வர வேண்டும். இன்ஜினோ ரப்பர்மேல் உட்கார்ந்திருக்கிறது. அதனால் இன்ஜினையும் சட்டத்தையும் இந்தச் செம்புப் பட்டையால் கட்டியிருப்பார்கள். அவர் பெயின்டைச் சுரண்டாமல், பெயின்டின் மேலேயே பட்டையை வைத்து முறுக்கிவிட்டார். ஒரு மாதம் போல்ட்டின் மரை வழியாக எப்படியோ ஓடியது. மழையில் அதுவும் போனது. "திரும்பிப் போறதுக்கு வழியில்லீன்னா கரண்டு கெடைச்ச வழியில போகுமுங்க. இன்ஜினுக்கும் முன்பலகைக்கும் நடுவுல இருந்தது சோக் கம்பி ஒண்ணுதான். அத்தன கரண்டும் அந்தச் சின்னக் கம்பியில போயிருக்குது. சிவக்கச் சுட்டிருக்குமுங்க. டிரைவரு சொன்னது அத்தனையும் நெசம்."

பெரிய ரைட்டர் கெட்டவர் இல்லை. அவருக்கு மோட்டார்க்காரரைப் பிடிக்கும். அடுத்த மாதத்திலிருந்து எஸ்டேட்டின் எல்லா வண்டிகளையும் இவரிடமே கொடுப்பதென்று அவர்தான் துரையிடம் பேசி வைத்திருந்தார். குமாஸ்தாவை வெளியே போகச் சொல்லிவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"அவசரப்படாதீங்க. பழைய வண்டி. பட்டை இத்துப்போச்சுன்னு எழுதிருவோம். டிரைவருக்கும் ஒண்ணுமில்ல, உங்களுக்கும் ஒண்ணுமில்ல."

சுடலைமுத்து நிமிர்ந்து பார்த்தார். மோட்டார்க்காரர் சரியென்று சொன்னால் அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் நல்லது. என் காகிதத்தையும் கிழித்துப் போட்டுவிடுவார்கள்.

மோட்டார்க்காரர் பட்டையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். "பட்டை புதுசுங்கய்யா. நாந்தான் போட்டேன். இத்துப்போச்சுன்னு எழுதுனா, அடுத்த வண்டியிலயும் பெயின்ட் மேலயே மாட்டிப்போடுவேனுங்க."

பெரிய ரைட்டர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு மோட்டார்க்காரர் சொன்னபடியே எழுதினார்.

எழுந்து, நான் எழுதின காகிதத்தைக் கொடுங்கள் என்று கேட்டேன். இனி அது தேவையில்லை என்றார் பெரிய ரைட்டர். வாங்கிக்கொண்டு, கையெழுத்துக்குக் கீழே எழுதினேன். டிரைவர் பீடி குடித்ததை நான் பார்க்கவில்லை. புகை வாசனை வந்தது, பீடி என்று நானாக நினைத்தேன். கொப்புளம் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் நுனிகளில் இருந்தது, மருந்து போட்டபோது பார்த்தும் எழுதாமல் விட்டேன். அடியில் இரண்டாம் கையெழுத்துப் போட்டேன். அந்த ஆறு வருஷத்தில் நான் எழுதின எத்தனையோ ரிப்போர்ட்டுகளில் அந்த நான்கு வரிக்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

வெளியே வந்து சுடலைமுத்துவிடம், தெரியாமல் எழுதிவிட்டேன் என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "மருந்து போட்டிய. வெரலப் பாத்திய. கேட்டிருக்கலாம்லா நர்ஸம்மா." அவ்வளவுதான். மறுநாள் எப்போதும்போல் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். என்னிடம் சகஜமாகப் பேச அவருக்கு ஒரு வாரம் போதுமாக இருந்தது.

மோட்டார்க்காரரிடம் அப்படியில்லை. தன்னை ஊர் முன்னால் பீடிக்காரனாக நிறுத்தியது அவருடைய பெயின்ட்தான் என்பது சுடலைமுத்துவின் நெஞ்சில் தங்கிவிட்டது. அவர் கொட்டகையைக் கடக்கும்போது மறுபக்கம் பார்த்துக்கொண்டு ஓட்டினார். எஸ்டேட் வேலை அடிவாரத்திலிருந்து வந்த வேறொரு மெக்கானிக்குக்குப் போனது.

மோட்டார்க்காரருக்கு அந்த மழைக்காலம் முழுக்க வேறு வேலை இருந்தது. அதுவரை எத்தனை வண்டிக்கு அடியில் பெயின்ட் அடித்தோம் என்று யோசித்துப் பட்டியல் போட்டார். ஐந்து. குடையை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடிப் போய், பட்டையைக் கழற்றி, பெயின்டைச் சுரண்டி, மாட்டிவிட்டு வந்தார். ஒரு ஜீப் மட்டும் கைமாறி அகளிக்குப் போயிருந்தது. அகளி எங்கே, சித்திரபுரம் எங்கே. வாங்கினவருக்குத் தபால் கார்டு எழுதினார். அவர் அதை இன்னொருவருக்கு விற்றுவிட்டதாகப் பதில் வந்தது. அவருக்கும் ஒரு கார்டு போனது. அவர், நீங்கள் யார், என் ஜீப் நன்றாகத்தானே ஓடுகிறது என்று எழுதியிருந்தார். இவர் விடாமல் இன்னொரு கார்டில் படமே வரைந்து அனுப்பினார். கடைசியில், சுரண்டியாயிற்று, இனி தயவுசெய்து எழுத வேண்டாம் என்று ஒரு வரி வந்தது. அந்தக் கார்டை மோட்டார்க்காரர் மனைவி கொட்டகைக் கம்பத்தில் ஆணி அடித்து மாட்டினார்.

பேச்சியம்மாள் வீட்டுக்கும் மோட்டார்க்காரர் போயிருக்கிறார். கற்கண்டுப் பொட்டலத்தோடு லயத்து வாசலில் நின்றவரை, யார் நீங்கள் என்று அவள் அம்மா கேட்டாளாம். அன்றைக்குக் கார் நின்றதற்கு நான்தான் காரணம் என்றாராம். அந்த அம்மாளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. உள்ளே போய்ப் பையனைத் தூக்கிவந்து அவர் கையில் கொடுத்துவிட்டாள். இதை எனக்குச் சொன்னது அவர் மனைவி. "போக வேண்டாம்னுதானுங்க நான் சொன்னேன். அடிச்சுப் போடுவாங்கன்னு பயம். இவரு புள்ளைக்கு மூக்கு நல்லா எடுப்பா இருக்குதுங்கறாரு."

ஐப்பசி தொடக்கத்தில் ஒரு காலை நான் பஸ்ஸுக்காகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சுடலைமுத்து நடந்து வந்தார். டிஸ்பென்சரியிலிருந்து மூன்று மைல். வழியில் எஸ்டேட் மெக்கானிக்கின் கொட்டகையையும் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும். உள்ளே வராமல் சாலை ஓரத்திலேயே நின்றார். மோட்டார்க்காரர் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"வண்டி கெளம்பல" என்றார் சுடலைமுத்து. "அந்த மெக்கானிக்கு நான் பட்டன அமுக்கி அமுக்கி மோட்டாரக் கெடுத்துட்டேங்காரு. இருந்தாலும் இருக்கும். எனக்குத் தெரியல. நீரு வந்து பாரும். ஒம்ம தப்புன்னா ஒம்ம தப்பும்பீரு. என் தப்புன்னா என் தப்பும்பீரு. எனக்கு அது போதும். ரைட்டருகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன்."

மோட்டார்க்காரர் ஸ்பானர் பையை எடுத்துக்கொண்டு, ஸ்வெட்டர் பொத்தானை ஒன்று மாற்றி ஒன்றில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். அவர் மனைவி பின்னாலேயே ஓடிக் குடையைக் கொடுத்துவிட்டு வந்தார். இரண்டு பேரும் அந்த ஒரே குடையில் ஏற்றத்தில் நடந்து போனார்கள்.

சாயங்காலம் நான் டிஸ்பென்சரிக்குத் திரும்பியபோது கார் முற்றத்தில் நின்றது. சுடலைமுத்து வாளித் தண்ணீரோடு அதைக் கழுவிக்கொண்டிருந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டேன். மழை படக்கூடாதென்று அவரே பாட்டரிமேல் ஒரு சாக்கை மடித்துப் போட்டிருந்தாராம். அது நனைந்து, இரண்டு முனைகளையும் தொட்டுக்கொண்டு கிடந்து, பாட்டரியை ஒட்ட உறிஞ்சிவிட்டதாம். மோட்டாரில் ஒரு பழுதும் இல்லையாம்.

"என் தப்புதான் நர்ஸம்மா. மோட்டார்க்காரரு மொகத்துக்கு நேராவே சொல்லிட்டாரு" என்றார். நல்ல சேதி வந்த ஆள் மாதிரி அவர் முகம் முழுக்கச் சிரிப்பாக இருந்தது. மீதித் தண்ணீரைச் சக்கரத்தில் ஊற்றிவிட்டு, பானெட்டைத் திறந்து, உள்ளே புதிதாக ஏறியிருந்த வரியைப் படிக்க என்னைக் கூப்பிட்டார்.